454 பிளாக்கில் 496: சாலையில் ஓட்டும் மசில் காருக்கு பிக்-பிளாக் ஸ்ட்ரோக்கர் இன்ஜின் கட்டும் முழுமையான வழிகாட்டி

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு இன்ஜினைப் பற்றி. செவ்ரோலெட்டின் மார்க் 4 வகை 454 கன அங்குல பிளாக்கை எடுத்து, 4.250 அங்குல போரை (சிலிண்டரின் விட்டத்தை) 4.310 ஆக்கி, 4.000 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கிராங்குக்குப் பதில் 4.250 அங்குல கிராங்க் போட்டால் 496 கன அங்குலம், அதாவது சுமார் 8.1 லிட்டர் கிடைக்கும். செவெல், கமாரோ மாதிரியான காரில், பங்கில் கிடைக்கும் பெட்ரோலில், சிக்னலில் சூடேறாமல் நின்று ஓட வேண்டிய இன்ஜின் இது. பந்தயத்துக்கு மட்டுமான இன்ஜின் என்றால் கீழே உள்ள பல முடிவுகள் மாறும்.

கைத்திறமை போதாமல் கெட்ட இன்ஜின்களைவிட, வரிசை தப்பிக் கெட்ட இன்ஜின்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிஸ்டனை முதலில் வாங்கிவிட்டு சிலிண்டர் ஹெட்டைத் தேடுவார்கள். பிளாக்கைக் கழுவி முடித்த பிறகு கிரைண்டரை எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

டார்க் ரெஞ்ச், மைக்ரோமீட்டர், டையல் போர் கேஜ், காந்த அடியுள்ள டையல் கேஜ், ஃபீலர் கேஜ், டிகிரி வீல், பிஸ்டன் ஸ்டாப், ரிங் முனையைத் தேய்க்கும் கருவி, ராட் போல்ட் நீட்சியை அளக்கும் கேஜ், ஹெட்டின் கன அளவைப் பார்க்க ஒரு பியூரெட். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள், அல்லது அளக்கும் வேலையைப் பட்டறையில் கொடுங்கள். நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை மட்டும் நம்பி பேரிங் இடைவெளியை முடிவு செய்யாதீர்கள். அது பிழையைக் காட்டிக்கொடுக்கும், சரியான அளவைச் சொல்லாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எட்டு சிலிண்டர், ஐந்து மெயின் (பிளாக்கில் கிராங்கைத் தாங்கும் பேரிங் இடங்கள்), எட்டு ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), ஒவ்வொன்றின் அளவையும் எழுதி வையுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் இன்ஜினைப் பிரிக்காமல் பதில் சொல்லப்போவது அந்தப் புத்தகம்தான்.

2. முதலில் காரைப் பாருங்கள்

பாகம் எதுவும் வாங்கும் முன் காரைப் பற்றிய நான்கைந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, பின் ஆக்சில் விகிதம் என்ன, பானட்டுக்குக் கீழே எவ்வளவு உயரம் இருக்கிறது, பிரேக்குக்கு வேக்குவம் பூஸ்டர் உண்டா, ரேடியேட்டர் எந்த அளவு.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைத் தீர்மானிப்பது இவைதான். வேக்குவம் பூஸ்டர் உள்ள காரில் பெரிய கேம் போட்டால் ஐடிலில் வேக்குவம் குறைந்து, பிரேக் மிதி கல்லாகிவிடும். 3.31 ஆக்சிலோடு நெடுஞ்சாலையில் ஓடும் கார் 6,500 ஆர்பிஎம்மில் உயிர்பெறும் கேமை வைத்து என்ன செய்யும்? இந்த இன்ஜினுக்கு உச்ச வேகம் 5,800 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். சரியாகக் கட்டினால் 550 குதிரைத்திறனை ஒட்டியும், 600 பவுண்டு-அடி டார்க்கை ஒட்டியும் வரும். அந்த டார்க்கைத் தாங்கும் ஆக்சிலும் கியர்பாக்ஸும் இல்லாவிட்டால் பட்ஜெட்டில் முதலில் அதற்கு இடம் விடுங்கள்.

3. பிளாக்கைத் தேர்ந்தெடுத்தல்

454 பிளாக்கில் மூன்று தலைமுறை உண்டு. 1990 வரை வந்தது மார்க் 4. அதன் பின்புற கிராங்க் ஆயில் சீல் இரண்டு துண்டு. 1991 முதல் வந்த ஜென் 5, ஜென் 6 பிளாக்குகளில் சீல் ஒரே துண்டு. கிராங்க் வாங்கும்போது இது பொருந்தவில்லை என்றால் நேரடியாகப் பொருத்த முடியாது. ஜென் 5 பிளாக்கில் தண்ணீர் வழிகளும் வேறு. மார்க் 4 ஹெட்டை அதன்மேல் வைத்தால் அதற்கென்றே உள்ள கேஸ்கெட் வேண்டும். முதல் முறை கட்டுகிறவர் மார்க் 4 பிளாக்கோடு நின்றுகொள்வது நல்லது.

டெக் உயரத்தையும் (கிராங்க் மையத்திலிருந்து, ஹெட் உட்காரும் மேற்பரப்பான டெக் வரை) பாருங்கள். கார் பிளாக் 9.800 அங்குலம். கனரக லாரிகளுக்கு வந்த உயரமான பிளாக் 10.200. மலிவாகக் கிடைக்கிறதே என்று உயர பிளாக்கை வாங்கிவிட்டால் பிஸ்டன், மேனிஃபோல்ட், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் மாறிவிடும். பிளாக்கின் பின்பக்கம், பெல் ஹவுசிங் விளிம்பின் மேல் டிரைவர் பக்கத்தில் வார்ப்பு எண் இருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைச் சரிபாருங்கள்.

மெயின் கேப்புக்கு (கிராங்கைப் பிடித்து வைக்கும் மூடிக்கு) இரண்டு போல்டா நான்கு போல்டா என்று பலர் கவலைப்படுகிறார்கள். இந்த அளவு சக்திக்கு, நல்ல ஸ்டட் போட்ட இரண்டு போல்ட் பிளாக் போதும். கவலைப்பட வேண்டியது சிலிண்டர் சுவரின் தடிமனைப் பற்றித்தான். 0.060 அங்குலம் பெரிதாக்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரையும் ஒலி அலையால் தடிமன் பார்க்கும் சோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். வார்ப்பின்போது மணல் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு சுவர் தடித்தும் எதிர்ச்சுவர் மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து அது தெரியாது. போர் செய்த பிறகு பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் 0.200 அங்குலமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் 0.030 மட்டும் பெரிதாக்கி 489 கன அங்குலத்தோடு நிறுத்துங்கள். அந்த 7 கன அங்குலத்தைச் சாலையில் யாரும் உணரப்போவதில்லை. மெல்லிய சுவர் சூடேறுவதை முதல் கோடையிலேயே உணர்வீர்கள்.

4. ஹெட் முதலில், பிஸ்டன் அப்புறம்

பிஸ்டனின் தலை வடிவத்தைத் தீர்மானிப்பது ஹெட்டின் எரி அறை. அதனால் ஹெட்டை முடிவு செய்யாமல் பிஸ்டன் வாங்கக் கூடாது.

பிக்-பிளாக் ஹெட்டுகளில் திறந்த அறை, மூடிய அறை என்று இரு வகை. திறந்த அறைக்கென்று செய்த டோம் பிஸ்டனை (தலை மேடாக உள்ளதை) மூடிய அறை ஹெட்டோடு சேர்த்தால் டோம் ஹெட்டில் இடிக்கும். பழைய பாகச் சந்தையில் இந்தப் பொருந்தா ஜோடிதான் அதிகம் விற்கப்படுகிறது.

உட்புகு துளை ஓவல் வடிவில் இருக்கும் ஹெட்டையே எடுங்கள். செவ்வகத் துளை பெரியது. காற்று அதில் மெதுவாகப் போகும். சாலையில் நாம் பெரும்பாலும் இருக்கும் 2,000 முதல் 4,500 ஆர்பிஎம்மில் ஓவல் துளைதான் டார்க் கொடுக்கும்.

இப்போது கம்ப்ரஷன் கணக்கு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 1,016 சிசி. எரி அறை 119 சிசி. 0.039 அங்குல கேஸ்கெட், 4.370 போரில் 9.6 சிசி. பிஸ்டன் டெக்குக்கு 0.005 கீழே நின்றால் 1.2 சிசி. தட்டையான தலையில் வால்வுப் பள்ளம் 3 சிசி என்று வைத்தால் மொத்தம் 132.8. விகிதம் 8.65-தான் வரும். அதே இடத்தில் 18 சிசி டோம் உள்ள பிஸ்டன் போட்டால் மொத்தம் 111.8 ஆகி, விகிதம் 10.1 ஆகிவிடும்.

அலுமினிய ஹெட்டுக்கு 10.1 சரி. இரும்பு ஹெட் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 9.5 பக்கம் நில்லுங்கள். இங்கே பெட்ரோல் என்று சொல்வது அமெரிக்க பம்பில் 91 என்று எழுதியிருப்பதை. இந்தியாவில் 95 என்று எழுதும் பெட்ரோலுக்கு அது ஏறக்குறைய சமம். இரு நாட்டு எண்களும் வெவ்வேறு முறையில் அளக்கப்படுபவை. அதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் இன்ஜின் நாக்கிங் அடிக்கும், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும்.

ஹெட் பெட்டியில் 119 என்று அச்சிட்டிருந்தாலும் பியூரெட்டால் அளந்து பாருங்கள். மூன்று நான்கு சிசி வித்தியாசம் சாதாரணம்.

5. கிராங்க், ராட், பேரிங்

4340 எஃகில் அடித்துச் செய்த கிராங்க் வாங்குங்கள். ராட் 6.385 அங்குலம், பழைய ராடைவிடக் கால் அங்குலம் நீளம். பிஸ்டனில் ராடை மாட்டும் பின்னின் மையத்திலிருந்து தலைவரை உயரம் 1.270. கிராங்க் ஆரம் 2.125, ராட் 6.385, பிஸ்டன் 1.270, மூன்றையும் கூட்டினால் 9.780. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், டெக் வெட்டும்போது வேண்டும்.

தொழிற்சாலை 454 வெளிப்புற பேலன்ஸ் கொண்டது. முன்னால் உள்ள டாம்பரிலும் (கிராங்கின் அதிர்வை அடக்கும் சக்கரம்) பின்னால் உள்ள ஃப்ளைவீலிலும் வேண்டுமென்றே எடை ஏற்றத்தாழ்வு வைத்திருப்பார்கள். புதிய ஸ்ட்ரோக்கர் கிராங்குகள் உட்புற பேலன்ஸிலும் கிடைக்கின்றன. நான் அதையே சொல்வேன். எதை எடுத்தாலும் டாம்பரும் ஃப்ளைவீலும் அதே வகையாக இருக்க வேண்டும். உட்புற பேலன்ஸ் கிராங்கில் பழைய 454 டாம்பரை மாட்டினால் நடுக்கம் எடுத்து மெயின் பேரிங்கைத் தின்றுவிடும்.

பேரிங் வாங்கும்போது ஓரம் சரித்து வெட்டியதைக் கேளுங்கள். புதிய கிராங்குகளில் ஜர்னலின் (பேரிங்கில் சுழலும் பகுதியின்) ஓரம் பெரிய வளைவாக இருக்கும். சாதாரண பேரிங்கின் ஓரம் அந்த வளைவில் ஏறி உரசும்.

6. பட்டறை வேலையின் வரிசை

பட்டறைக்குப் போகும்போது கிராங்க், ராட், பிஸ்டன், மெயின் ஸ்டட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பெட்டியில் எழுதிய அளவை வைத்து போர் செய்யக் கூடாது, கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து செய்ய வேண்டும்.

விரிசல் சோதனையும் சோனிக் சோதனையும் முதலில். அடுத்து மெயின் ஸ்டட்டை முறுக்கி, மெயின் துளைகளை நேர்கோட்டில் ஹோன் செய்வது (கல்லால் நுண்ணியதாகத் தேய்ப்பது). பழைய போல்டுக்குப் பதில் ஸ்டட் போட்டாலே கேப் இழுபடும் விதம் மாறி, துளையின் வட்டம் கெடும். மற்ற எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்து எடுக்கப்படுவதால் இது முன்னால் வருகிறது.

பிறகு டெக். தொழிற்சாலை டெக்கில் இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், உயரம் ஒன்றாக இருப்பது அபூர்வம். கிராங்க் மையத்திலிருந்து 9.785-க்கு வெட்டச் சொன்னால் பிஸ்டன் 0.005 கீழே நிற்கும். கேஸ்கெட்டோடு சேர்த்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் 0.044 அங்குலம். நாக்கிங்கைத் தள்ளிப்போட அந்த நெருக்கம் உதவும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு டெக் இன்னும் மழுமழுப்பாக வேண்டும்.

கடைசியாக போரும் ஹோனும். ஹோன் செய்யும்போது டெக்கின் மேல் கனத்த டார்க் பிளேட்டை மாட்டி, ஹெட் போல்ட் அளவுக்கே முறுக்கியிருக்க வேண்டும். ஹெட் போல்ட் இழுக்கும்போது சிலிண்டர் சற்று நெளியும். அந்த நெளிந்த நிலையில் வட்டமாக்கினால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். பிஸ்டன் இடைவெளிக்கு பிஸ்டன் செய்தவர் தந்த எண்ணையே கொடுங்கள். அது உலோகக் கலவைக்கு ஏற்ப மாறும்.

7. டிரையல் ஃபிட்டிங்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் இன்ஜினைப் பிரிக்கிறார்கள். இன்ஜினை இரண்டு முறை கட்ட வேண்டும்: ஒருமுறை அளக்க, ஒருமுறை ஓட்ட.

மெயின் பேரிங்கைப் போட்டு, கேப்பை முழு டார்க்குக்கு முறுக்கி, போர் கேஜால் அளங்கள். மெயினில் 0.0025 முதல் 0.003, ராடில் 0.0022 முதல் 0.0028 அங்குலம் வர வேண்டும். கிராங்கை உட்காரவைத்து முன்பின் அசைவைப் பாருங்கள். 0.006 முதல் 0.010 சரி.

அடுத்து ரிங் இல்லாமல் ஒரு பிஸ்டனும் ராடும். கிராங்க் ஆரம் எட்டில் ஒரு அங்குலம் கூடியிருப்பதால் ராட் போல்டின் தலை முன்பு போகாத இடங்களுக்குப் போகும். இரண்டு இடங்களில் இடிக்கும்: சிலிண்டரின் அடி ஓரம், ஆயில் சம்ப் மாட்டும் விளிம்பின் உட்பக்கம். கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, 0.060 அங்குலக் கம்பி ஒன்று எல்லா இடத்திலும் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாத இடத்தைப் பேனாவால் குறித்து, கழற்றி, கிரைண்டரால் தேய்த்து, மறுபடி மாட்டுங்கள். ஒரு சிலிண்டரில் பார்த்துவிட்டு மற்ற ஏழும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். வார்ப்பு ஒவ்வொரு இடத்திலும் வேறு. தேய்க்கும்போது போர்களையும் ஆயில் துளைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். ஆழமாகத் தோண்டாதீர்கள், பின்னால் தண்ணீர் அறை இருக்கிறது.

கேம் ஷாஃப்டையும் டைமிங் செயினையும் மாட்டி, ராடுக்கும் கேமுக்கும் இடையே பாருங்கள். பிறகு சம்ப், விண்டேஜ் டிரே (சுழலும் கிராங்கையும் சம்ப் ஆயிலையும் பிரிக்கும் தகடு), ஆயில் பம்ப் மூன்றையும் மாட்டிச் சுற்றுங்கள். பழைய சம்ப் பல நேரம் ராடில் தட்டும். பம்பின் உறிஞ்சு குழாய்க்கும் சம்ப் தரைக்கும் 3/8 முதல் 1/2 அங்குலம் வேண்டும். நெருங்கினால் உறிஞ்சாது; விலகினால் பிரேக் போடும்போது காற்றை இழுக்கும்.

அடுத்து வால்வு. கேஸ்கெட்டோடு ஹெட்டை வைத்து, மெல்லிய சோதனை ஸ்பிரிங் போட்டு, டையல் கேஜால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். உட்புகு வால்வுக்கு 0.080, வெளியேறு வால்வுக்கு 0.100 அங்குலம் குறைந்தபட்சம். பிஸ்டன் உச்சியை அடையும் முன்னும் பின்னும் 10 டிகிரி அருகில்தான் அவை மிக நெருங்கும். ஹைட்ராலிக் லிஃப்டரை (கேமுக்கும் புஷ்ராடுக்கும் இடையே உள்ள பாகம்) வைத்து அளக்காதீர்கள். உள்ளே எண்ணெய் இல்லாதபோது அது அமுங்கி, இல்லாத இடைவெளியைக் காட்டும். அளப்பதற்கு மட்டும் திட லிஃப்டர் ஒன்று போதும்.

8. பேலன்ஸ், அப்புறம் கழுவல்

எடை எதுவும் இனி மாறாது என்ற நிலை வந்த பிறகே பேலன்ஸுக்குக் கொடுங்கள். பேலன்ஸ் ஆன பிறகு பிஸ்டனையோ ராடையோ தேய்த்தால் மறுபடி முதலிலிருந்து.

கழுவுவது பெரிய வேலை, அவசரப்பட வேண்டாம். எல்லா ஆயில் வழிகளின் மூடிகளையும் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டு, சோப்பும் வெந்நீரும் கொண்டு தேயுங்கள். ஹோன் செய்த துகள் பெட்ரோலுக்கோ தின்னருக்கோ முழுதாகப் போகாது, சோப்புக்குத்தான் போகும். போரை வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். துணி கறுப்பது நிற்கும்வரை துடைக்க வேண்டும். உடனே எண்ணெய் பூசுங்கள், வெறும் இரும்பு நிமிடங்களில் துருவேறும். கழற்றிய மூடிகளை எண்ணி வைத்திருந்து, அத்தனையும் திரும்பப் போனதா என்று பாருங்கள். டைமிங் செயினுக்குப் பின்னால் உள்ள ஒரு மூடி விடுபட்டாலே ஆயில் பிரஷர் வராது.

9. கீழ்ப்பகுதியைக் கட்டுதல்

ரிங் முனை இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் தனித்தனியாகத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். பிஸ்டன் செய்தவர் அட்டவணை தந்திருந்தால் அதுவே. இல்லாவிட்டால் போரை 0.0045-ஆல் பெருக்கினால் மேல் ரிங்குக்கு 0.019 அங்குலம் பக்கம் வரும். இரண்டாவது ரிங்குக்கு அதைவிடச் சற்று அதிகம். இடைவெளி கூடினால் கொஞ்சம் சக்தி போகும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டனையே உடைக்கும்.

பிஸ்டன்களை இடது வரிசைக்கு நான்கு, வலது வரிசைக்கு நான்கு என்று பிரித்து வையுங்கள். வால்வுப் பள்ளம் வால்வுக்கு நேரே வர வேண்டும். ராடின் பெரிய முனையில் சரித்த பக்கம் கிராங்கின் கன்னத்தைப் பார்க்க வேண்டும். தட்டையான பக்கம் பக்கத்து ராடைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் தலைகீழாக மாட்டுவது இங்கேதான் அதிகம்.

ராட் போல்டை நீட்சி கேஜ் வைத்து, போல்ட் செய்தவர் சொன்ன நீட்சி வரும்வரை முறுக்குங்கள். எந்தக் கிரீஸ் தடவினோம் என்பதைப் பொறுத்து டார்க் ரெஞ்சின் எண் ஏமாற்றும். நீட்சி ஏமாற்றாது. ஒவ்வொரு பிஸ்டன் இறங்கியதும் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் காரணம் இப்போது போட்ட சிலிண்டரில்தான் இருக்கும். எட்டையும் போட்டுவிட்டுச் சுற்றினால் எங்கே தேடுவது?

10. கேம் டிகிரி பார்த்தல்

சாலைக்கு ஹைட்ராலிக் ரோலர் கேம், 0.050 அங்குலத் தூக்கலில் 230 முதல் 240 டிகிரி. பழைய வகைத் தட்டை லிஃப்டர் மலிவுதான். ஆனால் இன்றைய ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை குறைந்திருப்பதால் முதல் அரைமணியிலேயே தேய்ந்துபோகும் அபாயம் அதில் உண்டு. ரோலர் கேமை மார்க் 4 பிளாக்கில் போடும்போது அது முன்னால் நகராமல் இருக்க முனையில் கேம் பட்டன் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் கேம் செய்தவர் சொல்லும் உலோகத்தில் இருக்க வேண்டும்.

பற்சக்கரப் புள்ளிகளை நேராக வைத்தால் போதும் என்று விடாதீர்கள். பிஸ்டன் ஸ்டாப்பால் உச்சியை இருபக்கமும் தொட்டு, நடுவை எடுத்து, டிகிரி வீலைச் சரிசெய்து, உட்புகு லோபின் (கேமில் வால்வைத் தூக்கும் மேட்டின்) மையத்தைக் கேமோடு வந்த அளவு அட்டையோடு ஒப்பிடுங்கள். நான்கு டிகிரி தள்ளியிருந்தாலே டார்க் வரும் இடம் மாறிவிடும். டாம்பரில் உள்ள பூஜ்யக் குறியும் உண்மையான உச்சியோடு பொருந்துகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

11. ஹெட், புஷ்ராட், மேனிஃபோல்ட்

ஹெட் போல்டுகள் தண்ணீர் அறைக்குள் போவதால் மரையில் சீலன்ட் தடவுங்கள். தடவாவிட்டால் போல்ட் வழியே கூலன்ட் ஏறி வரும். டார்க்கை மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளியே.

இந்த இன்ஜினில் உட்புகு, வெளியேறு புஷ்ராடுகளின் (லிஃப்டரிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பிகளின்) நீளம் வேறு வேறு. டெக் வெட்டியிருக்கிறோம், கேம் மாறியிருக்கிறது. அதனால் பழைய நீளத்தை நம்பாமல் நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராடால் இரண்டையும் தனித்தனியே அளந்து வாங்குங்கள்.

காற்றுத் தேவை: 496-ஐ 5,800-ஆல் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 832 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). 850 கார்புரேட்டரும் டூயல் பிளேன் மேனிஃபோல்டும் பொருத்தம். மேனிஃபோல்டை வாங்கும் முன் பானட் உயரக் கணக்கை மறுபடி பாருங்கள்.

12. முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல், பிரைமிங் கம்பியை டிரில்லில் மாட்டி, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஆயில் பம்பைச் சுற்றுங்கள். இடையிடையே கிராங்கைத் திருப்பி, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை விடக் கூடாது. வறண்ட பேரிங்கில் முதல் சில விநாடிகள்தான் அதிகச் சேதம் செய்பவை.

சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கைக் கிட்டத்தட்டச் சரியாக வைத்து, முதல் சில சுற்றிலேயே பிடிக்கும்படி செய்யுங்கள். ரோலர் கேம் என்பதால் 2,000 ஆர்பிஎம்மில் அரைமணி நேரம் பிடித்து வைக்கத் தேவையில்லை. தட்டை லிஃப்டர் போட்டவர்களுக்கு அது கட்டாயம். ஆயில் பிரஷர் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். மொத்த டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் தீப்பொறி விழும் அளவு) 32 டிகிரியில் தொடங்கி, நாக்கிங் இல்லை என்று உறுதியானால் 34, 36 என்று ஏற்றுங்கள்.

ரிங் உட்கார சுமை தேவை. ஐடிலில் நிறுத்தி வைத்தால் உட்காராது. சூடானதும் சாலைக்கு எடுத்துப்போய், மிதமாக முடுக்குவதும் கியரிலேயே வேகத்தைக் குறைப்பதுமாகப் பலமுறை ஓட்டுங்கள். திரும்பி வந்து ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு சரி. காந்தத்தில் ஒட்டும் துண்டோ, செம்பு நிறச் சீவலோ இருந்தால் அதற்குமேல் ஓட்டாமல் சம்பைக் கழற்றுங்கள். இரண்டாவது ஆயில் மாற்றம் 500 மைலில். அதுவரை 4,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். ஹெட்டர் (புகைக் குழாய்) போல்டுகளையும் மேனிஃபோல்ட் போல்டுகளையும் ஒவ்வொரு முறை இன்ஜின் ஆறிய பிறகும் ஒரு சுற்று பாருங்கள்.